தரிசு என்று எழுதுவதற்கு முன்

எம்.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ முடித்துவிட்டு, "அடுத்து பி.எட்.தானா?" என்று விழிக்கிற பிள்ளைகள் சின்ன காஞ்சிபுரத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் தறி வீட்டுப் பிள்ளைகள். தன் பிள்ளை தறிக்குழியில் உட்கார வேண்டாம் என்று அப்பா படிக்க வைத்திருப்பார். அந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் படிப்புக்கு நேரான வேலை ஒன்று அரை மணி நேர பைக் தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகள், சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை, பரந்தூர் விமான நிலையம் என்று இந்த வட்டாரத்துக்குப் பெரிய திட்டங்கள் வந்தபடி இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அலுவலகத்தில் எல்லாரும் சொல்வது இ.ஐ.ஏ. காற்று, தண்ணீர், சத்தம் ஆகியவற்றை அளக்கக் கருவிகள் உண்டு. அந்த நிலத்தில் என்ன முளைக்கிறது, என்ன பறக்கிறது, என்ன ஊர்கிறது என்பதை அளக்கக் கருவி கிடையாது. ஒரு மனிதர்தான் போய்ப் பார்த்து எழுத வேண்டும். 'சூழலியல், பல்லுயிர்' என்ற அத்தியாயத்தை எழுதுகிற அந்த மனிதர் நீங்களாக இருக்கலாம்.

வேலை எளிதாகத் தெரியும். பட்டியல் போடுவதுதானே என்பார்கள். ஆனால் அந்தப் பட்டியல் உச்ச நீதிமன்றம் வரை போகக்கூடியது என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கோவாவின் மோபா விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பாறாங்கல் மேட்டுநிலம், கோடையில் பார்த்தால் மொட்டைப் பாறை. அங்கே என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று யாருக்கும் தோன்றும். விண்ணப்பப் படிவத்தில் மரங்கள், சுற்றியுள்ள சூழல் பற்றிய விவரங்கள் சரியாகத் தரப்படவில்லை என்று வழக்கு போட்டார்கள். 2019 மார்ச் 29-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்து, நிபுணர் குழு மறுபடியும் ஆராய வேண்டும் என்றது. 2020 ஜனவரியில் கூடுதல் நிபந்தனைகளோடு தடை நீங்கியது. 2022 டிசம்பரில் திறப்பு விழாவும் நடந்தது. திட்டம் கைவிடப்படவில்லை. ஆனாலும் படிவத்தில் சில கட்டங்கள் ஒழுங்காக நிரப்பப்படாததால் ஒன்பது மாதத்துக்கு மேல் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சட்டம் இரண்டு நிமிடத்தில்

அடிப்படை ஆவணம் 2006 செப்டம்பர் 14-இல் வெளியான இ.ஐ.ஏ. அறிவிக்கை. விமான நிலையம் போன்ற திட்டங்கள் 'ஏ' பிரிவு. தில்லியில் மத்திய அமைச்சகம் பார்க்கும். 'பி' பிரிவு மாநில அளவில் முடியும். முதலில் ஆய்வு வரம்பை நிர்ணயிப்பார்கள். அதன்படி தரவு திரட்டி வரைவு அறிக்கை, பிறகு மக்கள் கருத்துக் கேட்பு, கடைசியில் நிபுணர் குழுவின் பரிசீலனை. பெரும்பாலும் திட்ட இடமும் அதைச் சுற்றி 10 கிலோமீட்டரும் ஆய்வுப் பகுதி. வேண்டுமென்றே தகவலை மறைத்தாலோ தவறான தரவு கொடுத்தாலோ, கொடுத்த அனுமதியையே ரத்து செய்யலாம் என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. மற்றதை வேலையில் சேர்ந்து படித்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் இருக்கும் நிலம்

களத்துக்குப் போகும் முன் வருவாய்த்துறைக் காகிதங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கல்லூரியில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். அ-பதிவேடு, அடங்கல், புல வரைபடம் மூன்றையும் விஏஓ அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால், திட்ட வரைபடத்தில் ஒரே பச்சைக் கட்டமாகத் தெரிகிற நிலம் நஞ்சை, புஞ்சை, ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பிரிந்து நிற்கும்.

பரந்தூரையே பாருங்கள். காஞ்சிபுரத்துக்கு வடகிழக்கே, ஏகனாபுரம் உள்ளிட்ட 13 கிராமங்களை ஒட்டிய இடத்தை 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அறிவித்தார்கள். திட்டத்தை முன்னெடுப்பது மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ. 2023 அக்டோபரில் மாநில அரசு நிர்வாக அனுமதி கொடுத்தபோது மொத்தப் பரப்பு சுமார் 5,746 ஏக்கர். அதில் ஏறத்தாழ 3,774 ஏக்கர் பட்டா, 1,972 ஏக்கர் அரசு நிலம். பட்டா நிலத்துக்காகப் பேச ஆள் இருக்கிறார்கள். ஏகனாபுரத்தார் 2022-இலிருந்து போராடி வருவதை நாடே அறியும். ஆனால் அந்த 'அரசு நிலம்' என்ற இரண்டு சொல்லுக்குள் ஏரி, குட்டை, வரத்துக்கால், மேய்ச்சல் தரை எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் இந்தத் திட்டப் பகுதி வழியாகவே போகிறது. சூழலியல் படித்தவருக்கு வேலை தொடங்குகிற இடம் பெரும்பாலும் அந்த அரசு நிலத்தில்தான். அங்கே உரிமை கேட்டு வாசலில் வந்து நிற்க யாருமில்லை.

தரிசு என்பது வரி வசூலிக்கிறவரின் கணக்கு. விளைச்சல் இல்லை, அதனால் வசூல் இல்லை. அந்தக் கணக்கு அறிக்கையின் சூழலியல் அத்தியாயத்துக்குள் நுழைந்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் பழைய வியாதி. தேசிய தொலையுணர்வு மையம் சம்பந்தப்பட்ட 'தரிசுநில வரைபடத் தொகுப்பே' புதர்க்காடுகளைத் தரிசு வகையில் சேர்த்திருக்கிறது. அதைப் பார்த்து எழுதுகிற இளைஞர், "திட்டப் பகுதியில் சீமைக் கருவேலம் தவிரக் குறிப்பிடத்தக்க தாவரங்கள் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். சூரை, காரை, களா, விராலி, ஆவாரை, சிற்றீச்சை, நடுவே பத்துப் பனை என்று நிற்கிற ஒரு புதர்நிலம் அந்த வரியில் காணாமல் போகிறது.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்தில் 'ஹீத்' என்று ஒரு நிலவகை உண்டு. மணற்பாங்கான, சத்தில்லாத மண், முழங்கால் உயரப் புதர், மரம் அபூர்வம். ஒன்றுக்கும் உதவாத பூமி என்று சொல்லி உழுதார்கள், மரம் நட்டார்கள், வீடு கட்டினார்கள். இரு நூற்றாண்டில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதை இப்போது கண்ணில் வைத்துக் காக்கிறார்கள். லண்டனுக்குத் தென்மேற்கே 'தேம்ஸ் பேசின் ஹீத்ஸ்' பகுதியில் பக்கி, மரவானம்பாடி, டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவி என்ற மூன்று பறவைகளை முன்னிட்டு, எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புதிய குடியிருப்பு கட்ட அனுமதிப்பதில்லை. 5 கிலோமீட்டருக்குள் கட்டுகிறவர்கள், அங்கு குடிவருபவர்கள் நாயோடு நடக்க வேறு பசுமையிடம் ஏற்பாடு செய்ய வேண்டும். காரணம் சாதாரணம்: தரையிலும் தாழ்ந்த புதரிலும் கூடு கட்டுகிற பறவைக்குப் பூனையும் நாயும் எமன். அந்தப் பக்கியின் பங்காளிப் பறவை நம் மேய்க்காலிலும் அந்தியில் 'சக்கு சக்கு' என்று கத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயரை எத்தனை அறிக்கையில் பார்த்திருக்கிறீர்கள்?

ஏரிக்கு வேறொரு சிக்கல். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ மனிதர் கட்டிய நீர்நிலைகளை 'ஈரநிலம்' என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. அப்படிப் பார்த்தால் நம் மாவட்டத்து ஏரிகள் எல்லாமே வெளியே போய்விடும். ஆனால் வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. எனவே விதியில் ஈரநிலம் இல்லை என்பதற்காகச் சூழலியலில் இல்லாமல் போகாது. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்: சட்டப்படி என்ன, களத்தில் என்ன. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், 2023-ஆம் ஆண்டின் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஆகிய இரண்டையும் ஒரு முறையாவது வாசித்துவிடுங்கள். பெரிய திட்ட எல்லைக்குள் நீர்நிலை வந்தால் என்ன ஆகும் என்பது இரண்டாவதில் இருக்கிறது.

எந்த மாதம் போனீர்கள்?

பருவமழைக் காலம் தவிர்த்து ஒரு பருவத் தரவு போதும் என்பது பல திட்டங்களுக்கு நடைமுறை. இதை வகுத்தவர்கள் மனதில் இருந்தது தென்மேற்குப் பருவமழை. அதனால் ஆலோசனை நிறுவனங்களின் நாட்காட்டியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'மழைக்குப் பின்'. காஞ்சிபுரத்தில் அக்டோபரில்தான் மழையே பிடிக்கும்! ஏரி நிரம்புவது நவம்பர், டிசம்பர். கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, வாத்துக் கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகு. மார்ச் முதல் மே வரை தரவு எடுத்த ஒரு குழு இதே ஏரியைப் பார்த்தால் வெடித்த வண்டலும் மேய்கிற எருமையும்தான் தெரியும். "நீர்ப்பறவைகள் காணப்படவில்லை" என்று அவர்கள் எழுதுவது பொய்யும் இல்லை. அதுதான் இதில் மோசம்.

அதே சமயம் கோடையில் போவதே வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஏரிக்கு மார்கழி, தை என்றால் மேய்க்காலுக்குப் பங்குனி, சித்திரை. மஞ்சள் மூக்கு ஆள்காட்டி காய்ந்த திறந்தவெளியில்தான் முட்டையிடும், அதுவும் வறண்ட மாதங்களில். ஒரு பருவத்துக்குத்தான் காசு தருவோம் என்று நிறுவனம் சொன்னால், எந்தப் பருவம் விடுபட்டது, அதனால் எந்த உயிரினக் கூட்டம் பதிவாகாமல் இருக்கலாம் என்று அறிக்கையிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். அந்த இரண்டு வரிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

மேய்க்காலில் ஒரு காலை

பெருமாள் கோயில் தெருவிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு பைக்கைக் கிளப்பினால் வெளிச்சம் வரும்போது களத்தில் இருக்கலாம். எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் பறவை அடங்கிவிடும். அதுவரை தாவரத்தைத் தொடாதீர்கள்; செடி எங்கும் ஓடிப்போகாது.

நடக்கும்போது முன்னால் முப்பது நாற்பது அடியில் ஒரு ஆள்காட்டி சத்தமில்லாமல் குனிந்து ஓடுகிறதா? ஓடிப் போய்த் தூரத்தில் நின்று கத்துகிறதா? நின்றுவிடுங்கள். அது எழுந்த இடத்தைக் கண்ணில் குறித்துக்கொண்டு, வந்த வழியே பின்வாங்கி ஒரு புதரின் நிழலில் உட்காருங்கள். அவசரப்பட்டுத் தேடினால் முட்டையை மிதிப்பீர்கள். கூடு என்று தனியாக ஒன்றும் இருக்காது, வெறும் தரையில் மண் நிறத்தில் கரும்புள்ளியோடு நாலு முட்டைதான். கொஞ்ச நேரத்தில் பறவை சுற்றி வளைத்து, நாலடி ஓடி, நின்று, மறுபடி நாலடி ஓடி, கடைசியில் காலை மடக்கி உட்காரும். அந்த இடம்தான். கண்ணிடுக்கில் மஞ்சள் சதை தொங்குகிறதா, சிவப்பா என்று பைனாகுலரில் பாருங்கள். ஊரில் இரண்டுக்கும் ஆள்காட்டி என்றே பெயர். சிவப்பு மூக்கு தண்ணீர் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும், மஞ்சள் மூக்கு காய்ந்த நிலத்தின் பறவை. இருப்பிடப் புள்ளியைக் குறித்து, தூரத்திலிருந்தே படம் எடுத்து, இடத்தைவிட்டு நகருங்கள். நீங்கள் நின்று பார்க்கிற இடத்தைக் காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு பதிவு உங்கள் வாக்கியத்தையே மாற்றிவிடும். "புதர் மண்டிய தரிசு" என்று போயிருக்க வேண்டியது, "தரையில் கூடு கட்டும் பறவைகள் இனப்பெருக்கம் செய்யும் திறந்த மேய்ச்சல் நிலம்" என்று ஆகிறது.

ஒன்பது மணிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு யாராவது வருவார்கள். அவர்களிடம் கேட்கிற முறை ஒன்று உண்டு. "அக்கா, இங்க முயல் இருக்கா, நரி இருக்கா, உடும்பு இருக்கா?" என்று பட்டியலை ஒப்பித்தால் எல்லாவற்றுக்கும் "கீதுப்பா" என்று தலையாட்டுவார்கள், உங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்க வேண்டாமா? அதற்குப் பதில், "ஆடு கடைசியா எப்பக்கா மிரண்டு ஓடிச்சு?" என்று கேளுங்கள். "முந்தாநாள் விடியக்காலம், தம்பி. அந்தப் பனங்கூட்டத்தாண்ட ரெண்டு நரி. குட்டிய தூக்கிடும்னு கல்லால அடிச்சேன்" என்று வரும். நாள், நேரம், இடம், எண்ணிக்கை நாலும் ஒரே பதிலில். பிறகு பனங்கூட்டத்துக்குப் போய்க் காலடித்தடமும் எச்சமும் தேடுவது உங்கள் வேலை. ஏரி பற்றி என்றால், மதகைத் திறந்து பாசனத் தண்ணீர் விடுகிற நீர்கட்டியைத் தேடிப் பிடியுங்கள். எந்த ஆண்டு கலங்கல் வழிந்தது, எந்த மதகு தூர்ந்துபோனது, தண்ணீர் எதுவரை ஏறி நின்றது என்பதற்கு அவரைவிட நல்ல ஆவணம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

பாம்பும் ஓணானும் என்றால் இருளர் துணையில்லாமல் போகாதீர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட நமக்குத் தெரியாது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பாம்பு நஞ்சு கொடுத்து வருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்டவர்களைக் 'கூலி ஆள்' என்று கணக்கில் எழுதுகிற நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் களப்பணி பட்ஜெட் போடும்போது கள நிபுணர் என்று எழுதி, அதற்கேற்ற தொகையைக் கேளுங்கள். அறிக்கையிலும் பெயரைப் போடுங்கள்.

தாவரக் கணக்கு புத்தகத்தில் இருப்பதுதான். மரத்துக்கு 10-க்கு 10 மீட்டர், புதருக்கு 5-க்கு 5, பூண்டுக்கு 1-க்கு 1 என்று கயிறு கட்டி எண்ணுவார்கள். ஒப்பீட்டு அடர்த்தி, நிகழ்வு, ஆதிக்கம் மூன்றையும் கூட்டினால் முக்கியத்துவ மதிப்பு. எல்லா இனத்துக்கும் சேர்த்து 300 வர வேண்டும். வராவிட்டால் எக்செல்லில் எங்கோ தப்பு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கட்டம் போடுகிற இடத்தை அறையில் உட்கார்ந்து வரைபடத்தில் தேர்ந்தெடுத்துவிட்டுப் போங்கள். களத்தில் தேர்ந்தெடுத்தால் கால் தானாக நிழலுக்கும் ரோட்டோரத்துக்கும் போகும், முள்ளுக்குள் போகாது.

எழுதுகிற மேசை

எண்ணுவதைவிட எழுதுவதில்தான் அறிக்கைகள் விழுகின்றன. நான் அதிகம் பார்த்த ஓட்டை, வனவிலங்கு அட்டவணை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு அட்டவணை நான்காகிவிட்டது; பல விலங்குகள் இடம் மாறிவிட்டன. இன்னமும் 'அட்டவணை ஐந்து' என்று எழுதிய பட்டியலைப் பார்த்தால், பழைய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியது என்று நிபுணர் குழுவுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கத்தின் விவரங்கள் அப்படியே இருந்து மாட்டிக்கொண்ட கதை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது, 'அச்சுறுத்தல் இல்லை' என்ற நிரல். உலகச் சிவப்புப் பட்டியலில் பனங்காடைக்கு ஆபத்து இல்லை என்றே 2023-இல் இருந்தது. ஆனால் 942 பறவையினங்களை ஆராய்ந்த இந்தியப் பறவைகளின் நிலை 2023 அறிக்கை, அதிகக் கவனம் தேவைப்படும் 178 இனங்களில் பனங்காடையையும் சேர்த்து, உலகப் பட்டியலில் அதன் இடத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. புல்வெளி, புதர்வெளி போன்ற திறந்தநிலப் பறவைகள் குறைந்து வருவதையும் அந்த அறிக்கை அழுத்திச் சொல்கிறது. நம் 'தரிசில்' மின்கம்பியில் நீலமாக உட்கார்ந்திருப்பது அந்தப் பனங்காடைதான். இரண்டு தகவலையும் அருகருகே கொடுங்கள்.

"அரியவகை உயிரினங்கள் எதுவும் காணப்படவில்லை" என்ற வாக்கியத்தைத் தனியாக விடவே விடாதீர்கள். எத்தனை நாள், எத்தனை பேர், எந்த நேரம், எத்தனை கிலோமீட்டர் நடந்து தேடியதில் காணப்படவில்லை என்று சேர்த்து எழுதுங்கள். பகல் பத்து மணிக்கு ஜீப்பில் போய்விட்டு வந்தவருக்குத் தேவாங்கும் மரநாயும் எப்படிக் காணப்படும்?

களத் தாள், அட்டவணை, முடிவுரை மூன்றும் நம் ஊர்ப் பட்டில் உடலும் கரையும் கோர்வையில் சேர்வது போலச் சேர்ந்திருக்க வேண்டும். பிடித்து இழுத்தால் பிரியக் கூடாது. பத்தாம் பக்கத்தில் நரி என்று பட்டியலிட்டுவிட்டு, நூறாம் பக்கத்தில் 'பெரிய பாலூட்டிகள் இல்லாததால் பாதிப்பு இல்லை' என்று யாரோ எழுதியிருப்பார்கள். அறிக்கையைப் பல கை எழுதுகிறது. உங்கள் அத்தியாயத்தோடு நிறுத்தாமல் பாதிப்புகள், மேலாண்மைத் திட்டம் ஆகிய அத்தியாயங்களையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிபுணர் உறுதிமொழியில் இருப்பது உங்கள் பெயர்.

கையெழுத்து என்றதும் ஒன்று. "போன புராஜெக்ட் லிஸ்ட்டையே போடு தம்பி, ஊர் பேரை மட்டும் மாத்திடு" என்று ஒரு நிறுவனத்தில் என்னிடம் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்தவர் சண்டை போட முடியாது. வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. சண்டை தேவையில்லை. களத் தாள்களை அன்றன்றே படமெடுத்து, இருப்பிடப் புள்ளிகளோடு மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். "இன்று எடுத்த தரவு இணைப்பில்" என்ற ஒரு வரி போதும். உண்மையான தரவு கையில் வந்து சேர்ந்த பிறகு பழைய பட்டியலைப் போட யாருக்கும் தைரியம் வராது. அதற்கும் மேல் போட்டால் கையெழுத்தை மறுத்துவிடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டாம் ஆண்டு இருக்கத் தேவையில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நடத்தும். ஆட்சியரோ அவர் நியமிக்கும் உயர் அதிகாரியோ தலைமை. முழுவதும் வீடியோ எடுப்பார்கள். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும் என்பது விதி. இந்தச் சுருக்கத்தை மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்கு விட்டுவிட்டு, 'லேப்விங்' என்று தமிழ் எழுத்தில் அச்சடித்து வந்தால் முன் வரிசையில் இருக்கும் பெரியவர் கேட்பார்: "எங்க ஊர்ல ஆள்காட்டி இல்லையா சார்?" தமிழ்ச் சுருக்கத்தை நானே பார்க்கிறேன் என்று நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலப் படிப்பில் பின்தங்கிவிட்டோம் என்று கூச்சப்படுகிற நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கை கூடுதல்.

உள்ளே நுழைய

அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்களின் பட்டியல் இந்தியத் தரக் குழுமத்தின் நாபெட் இணையதளத்தில் இருக்கிறது. சென்னையில் பல உண்டு. முதலில் களப்பணியாளர், பிறகு துறை உதவியாளர், அனுபவத்துக்குப் பிறகு துறை நிபுணர் என்று ஏற வேண்டும். முதுநிலைப் பட்டம் வேண்டும். காட்டுயிர் உயிரியல் தனியாகப் படிக்க விரும்பினால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் நமக்குத் தெரிந்த பெயர்கள். ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. தாவரம் என்றால் மேத்யூவின் 'ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்னாடிக்' தொகுதிகளைப் புரட்டப் பழகுங்கள். சந்தேகச் செடியை அழுத்தி உலர்த்திக் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வக மண்டல உலர்தாவரத் தொகுப்பில் காட்டிச் சரிபார்க்கலாம். வரைபடம் போட கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

நேர்காணலில் சான்றிதழை யாரும் நெடுநேரம் பார்ப்பதில்லை. "நீங்கள் நேரில் பார்த்து எழுதிய பட்டியல் ஏதாவது இருக்கிறதா?" என்பார்கள். அதற்கு இப்போதே தயாராகலாம். நத்தப்பேட்டை ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. கழிவுநீரும் குப்பையும் சேர்ந்தாலும் பறவை வருகிறது. வேகவதிக் கரை இன்னும் பக்கம். ஒரே ஏரி, ஒரே பாதை, மாதம் இரண்டு முறை, விடியற்காலை. ஈபேர்டு செயலியில் நேரமும் தூரமும் எண்ணிக்கையுமாகப் பதிவு. ஏதாவது ஒரு மேய்க்காலையும் அதே மாதிரி. இந்த ஐப்பசியில் தொடங்கினால் அடுத்த சித்திரைக்குள் ஏரி நிரம்பியதும் வற்றியதும், மேய்க்காலில் ஆள்காட்டி முட்டையிட்டதும் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். விண்ணப்பத்தோடு அந்த இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.